கடைசி இருபது நிமிடம்



தமிழில் ‘ஆட்டம்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. விளையாட்டும் ஆட்டந்தான், உறுதியாக நிற்க வேண்டிய ஒன்று நிலைகுலைந்து அசைவதும் ஆட்டந்தான். மொழிபெயர்ப்பே பிழைப்பாகிவிட்டவனுக்கு இத்தகைய சொற்கள் பெருந்தொல்லை தருபவை. ஆனால் இன்று நாம் பேசப் புகும் பொருளுக்கு இதனினும் ஏற்ற சொல் எனக்குத் தெரிந்த வேறு மொழி எதிலும் இல்லை. வலிமை மிக்க எதிரியோடு மோதிய நம் நாட்டுக் கால்பந்து அணி, ஏறத்தாழ முழு நேரமும் தாக்குப்பிடித்து நின்றுவிட்டு, முடிவு நெருங்கும்போது ஆட்டம் கண்ட கதை அது. அதைப் பார்த்தும் கேட்டும் இருந்த ரசிகர்கள் என்ன சொன்னார்கள், என்ன செய்தார்கள் என்பதே இவ்வுரையின் பொருள்.

வெற்றியின் சரித்திரம் எழுத ஆள் கிடைப்பது எளிது. தோல்வியைச் சுமந்து வீடு திரும்பிய கூட்டத்தின் சரித்திரத்தை எழுதுவோர் குறைவு. கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டை ஒட்டி வாழும் தமிழரும், பம்பாயில் மாதுங்காவிலும் தாராவியிலும் குடியேறியவரும், டில்லியில் அலுவலகமும் வீடுமாகக் காலங்கழிப்பவரும், பெங்களூரின் தண்டுப் பகுதியில் தலைமுறை தலைமுறையாக வேரூன்றியவரும் இந்தக் கூட்டத்தை நேரில் கண்டிருப்பார்கள். பலர் அதில் ஒருவராக நின்றும் இருப்பார்கள்.

நம் ரசிகருக்குக் கால்பந்து தந்த முதற் பெரும் நினைவு, கடைசி நிமிடங்கள் கைகொடுத்த நினைவேயாகும். 1911ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் கல்கத்தாவில் நடந்த ஐ.எப்.ஏ. கேடய இறுதிப் பந்தயத்தில் மோகன் பகான் சங்கம், கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவின் அணியை எதிர்த்து நின்றது. முதல் கோலை அடித்தது ராணுவ அணி. நேரம் கரைந்துகொண்டிருந்தது. முடிவை நெருங்கிய வேளையில் சிவதாஸ் பாதுரி ஆட்டத்தைச் சமன் செய்தார். இறுதி ஊதலுக்குச் சற்று முன்பு அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலை அடித்தார். கூட்டத்தின் பின்புறம் நின்று ஒன்றும் காண இயலாதவர்களுக்குப் பட்டம் பறக்கவிட்டுக் கோல் கணக்கை அறிவித்ததாகச் சொல்வார்கள். பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலுடன் ஆடினர் என்பதையும் அந்த வெற்றியைப் பாடுவோர் எவரும் சொல்லாமல் விடுவதில்லை. அன்றைய ஆட்டத்தின் மொத்த நேரம் 50 நிமிடங்களே என்பதை மட்டும் பெரும்பாலோர் சொல்வதில்லை. இந்தச் சிறு செய்தியை நேயர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறேன். பின்னர் இது தேவைப்படும்.

சுதந்திரம் பெற்று ஓராண்டு நிறைவதற்குச் சில நாட்கள் இருந்தபோது, 1948ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள், லண்டன் ஒலிம்பிக் பந்தயங்களில் இந்தியக் கால்பந்து அணி பிரான்சை எதிர்த்து ஆடியது. இடம் லண்டனுக்கு அருகிலுள்ள இல்போர்டு என்னும் ஊரின் மைதானம். தலைவர் நாகா நாட்டிலிருந்து வந்த மருத்துவர் தாலிமரன் ஆவ். நம்மவருள் பெரும்பாலோர் பூட்ஸ் அணியாமல், பாதத்தில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டு இறங்கினர். ஆங்கிலேயப் பார்வையாளர்கள் முதலில் இதை வேடிக்கையாகப் பார்த்தனர். வெறுங்காலில் பந்து பணிந்து வருவதைக் கண்டபின் வேடிக்கை மறைந்து வியப்புப் பிறந்தது. முப்பதாம் நிமிடத்தில் பிரான்சு ஒரு கோல் போட்டது. இந்தியாவுக்கு இரண்டு பெனால்டிகள் கிடைத்தன. ஒன்றை சைலேன் மன்னாவும் மற்றொன்றை மகாவீர் பிரசாத்தும் வீணாக்கினர். எனினும் 70ஆம் நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் கோல் அடித்து ஆட்டத்தைச் சமநிலைக்குக் கொண்டுவந்தார்.

சாரங்கபாணி ராமன் என்ற பெயரைக் கேட்டதும் வெளிமாநிலத்தில் வாழும் தமிழனின் காது சற்றுக் கூர்மையாவது இயல்பு. அவர் பெங்களூரில் உருவான ஆட்டக்காரர். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்துக் கோல் அவருடையது. அந்தக் கோலுக்குப் பின் பத்தொன்பது நிமிடங்கள் இந்தியா தாக்குப்பிடித்தது. 89ஆம் நிமிடத்தில் பிரெஞ்சு ஆட்டக்காரர் பெர்சியோன் பந்தை வலைக்குள் செலுத்தினார். 2-1. இன்னும் ஒரு நிமிடம் நின்றிருந்தால் கூடுதல் நேர ஆட்டத்துக்கு வழி பிறந்திருக்கும்.

செய்தி தாய்நாட்டை எட்டியபோது மக்கள் என்ன பேசினார்கள்? இரண்டு பேச்சுகள் எழுந்தன. முதலாவது, அந்த இரு பெனால்டிகள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்ற ஏக்கத்துடன் இன்றுவரை அதைச் சொல்லி வருகிறோம். இரண்டாவது, வெறுங்கால். இது ஏக்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. நாங்கள் ஆடுவது காலால் ஆடும் பந்து, நீங்கள் ஆடுவது பூட்ஸால் ஆடும் பந்து என்று தாலிமரன் ஆவ் நிருபர்களிடம் நகைச்சுவையாகச் சொன்னதாக வழங்கும் செய்தி ஊரெங்கும் பரவியது. மன்னாவின் கால்கள் இரும்பினால் ஆனவையா என்று இங்கிலாந்து மன்னர் வினவியதாகவும் ஒரு கதை உண்டு. தோல்வியை இத்தனை இனிமையாகப் போர்த்திக்கொண்ட நாடு வேறு எதுவும் உண்டா என்று எனக்கு ஐயமே.

இந்தப் பெருமையே பின்னர் ஒரு கட்டுக்கதையாக வளர்ந்தது. 1950ஆம் ஆண்டு பிரேசிலில் நடந்த உலகக் கோப்பைக்கு இந்தியா செல்லாததற்குக் காரணம், வெறுங்காலுடன் ஆட அனுமதி மறுத்ததுதான் என்று எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சம்மேளனம் அப்போது காட்டிய காரணங்கள் வேறு: ஆட்டக்காரர் தேர்வில் கருத்து வேறுபாடு, பயிற்சிக்குப் போதிய காலமின்மை ஆகியவை. நெடுங்கடற்பயணமும், உலகக் கோப்பையைவிட ஒலிம்பிக்கையே பெரிதெனக் கருதிய அக்கால மனப்பான்மையும் அதற்குப் பின்னால் நின்றன. ஆனால் தேர்வுக் குழுவின் தகராறு யார் நெஞ்சைத் தொடும்? வெறுங்கால் தொடும். எனவே வெறுங்கால் நிலைத்தது.

1952இல் ஹெல்சிங்கியில் யுகோஸ்லாவியா நம்மை 10-1 என்ற கணக்கில் தோற்கடித்தது. அங்கே கடைசி நிமிட வீழ்ச்சி என்பதற்கே இடமில்லை. முதற் பாதியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. நம்முடைய ஒரே கோலை அகமது கான் 89ஆம் நிமிடத்தில் அடித்தார். அதன்பின் சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது. இனி நம்மை வெல்வார் இலர் என்று ரசிகர்கள் எண்ணினர். குற்றவாளி என்று எதைச் சுட்டினார்களோ, அது அகற்றப்பட்டுவிட்டது அல்லவா?

இங்கேதான் அந்தச் சிறு செய்திக்கு வருகிறோம். ஒலிம்பிக் ஆட்டம் 90 நிமிடம். நம் நாட்டில் 1950களிலும் 1960களிலும் உள்நாட்டுப் பந்தயங்கள் பெரும்பாலும் 70 நிமிடங்களே நடந்தன. பாதிக்கு 35 நிமிடம். கல்கத்தா லீக் பந்தயங்கள் கோடை வெயிலிலும் அதையடுத்த மழையிலும் நடப்பவை. முழங்கால் வரை சேறு தெறிக்கும் தரை. மைதானங்களில் மின்விளக்கு இல்லாத காலம். அலுவலகம் விட்டு ஓடிவரும் கூட்டம். இந்நிலையில் 70 நிமிடம் போதும் என்று யாருக்கும் தோன்றியிருக்கும். அதில் குறைகாண நான் முன்வரவில்லை. ஆனால் 70 நிமிடத்துக்குப் பழகிய உடல் தன் வலிமையை அந்த அளவுக்கே பங்கிட்டுச் செலவு செய்யும். தொடைத் தசை எப்போது இறுகத் தொடங்கும், மூச்சு எப்போது முட்டும் என்பதை ஆட்டக்காரன் நெஞ்சறியத் திட்டமிடுவதில்லை. உடலே கணக்கு வைத்துக்கொள்கிறது. அந்த எல்லையைத் தாண்டியதும் தடுப்பாளன் பந்தை அடைய ஓரடி தாமதமாகிறான். உலகத்தரமான எதிரிக்கு அந்த ஓரடி போதும். அயர்ந்தவருக்குப் பதிலாக வேறொருவரை இறக்கும் விதியும் அக்கால ஒலிம்பிக் பந்தயங்களில் இல்லை. தொடங்கிய பதினொருவரே முடித்தாக வேண்டும்.

இப்போது இல்போர்டு மைதானத்தை மீண்டும் பாருங்கள். ராமனின் கோல் 70ஆம் நிமிடத்தில் விழுந்தது. நம் ஊர்க் கடிகாரப்படி ஆட்டம் அங்கே முடிந்திருக்க வேண்டும், 1-1. எஞ்சிய இருபது நிமிடம் நம்மவர் வாழ்நாளில் அதிகம் பழகாத நேரம். பெர்சியோனின் கோல் அந்த நேரத்தின் கடைசி மூலையில் விழுந்தது.

ரசிகர்கள் ஏன் இதைப் பேசவில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் கேள்வி. பெனால்டியை வீணாக்கியவர் இன்னார் என்று சொல்லலாம். பூட்ஸ் இல்லாதது வறுமையால் என்றோ, பெருமையால் என்றோ சொல்லலாம். நடுவரைக் குறை கூறலாம். கடிகாரத்தைக் குறை கூற வேண்டுமானால், வாரந்தோறும் தான் கைதட்டி மகிழ்ந்த உள்ளூர்ப் பந்தயத்தையே குறை கூற வேண்டும். அந்த 70 நிமிடம் ஆட்டக்காரனுக்கு மட்டுமா பழக்கம்? பார்ப்பவனுக்கும் அதுவே பழக்கம். அவனும் எழுபதாம் நிமிடத்தில் மனத்தளவில் குடையை எடுத்துக்கொண்டு டிராம் வண்டியைப் பார்த்துப் புறப்பட்டுவிடுகிறவன்தான்.

எனினும் ஒரே சாவி எல்லாப் பூட்டையும் திறந்துவிடாது. 1956ஆம் ஆண்டு மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நடந்ததை இதனால் விளக்க முடியாது. ரஹீம் பயிற்றுவித்த அந்த அணி, ஆஸ்திரேலியாவை 4-2 என வென்றது. நெவில் டிசூசா தனியொருவராக மூன்று கோல் அடித்தார். அரையிறுதியில் எதிரே நின்றது அதே யுகோஸ்லாவியா. 1948இலும் 1952இலும் வெள்ளிப் பதக்கம் பெற்ற அணி; அவ்வாண்டும் வெள்ளியே பெற்றது. 52ஆம் நிமிடத்தில் டிசூசா கோல் அடித்து இந்தியாவை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். ஹெல்சிங்கியில் பத்துக் கோல் வாங்கிய நாடு, நான்கே ஆண்டில் அதே எதிரியை ஒரு கோல் முந்தியது. இரண்டு நிமிடத்தில் யுகோஸ்லாவியா சமன் செய்தது. 57இல் ஒன்று, 65இல் ஒன்று. பின்னர் நம்மவர் காலில் பட்டே ஒரு கோல். 4-1. இது களைப்பின் விளைவு அன்று. 54ஆம் நிமிடத்தில் யாரும் களைப்பதில்லை. உறங்கிக் கிடந்த வலிமையைத் தட்டி எழுப்பியதன் விளைவு. நம் ரசிகர்கள் இந்தத் தோல்விக்குக் குற்றவாளி எவரையும் தேடவில்லை. நான்காம் இடம் என்ற சொல்லையே ஒரு பட்டம்போல் சூடிக்கொண்டனர். அது தகுதியான பெருமையே.

1960இல் ரோம் ஒலிம்பிக். இந்தியாவின் பிரிவில் ஹங்கேரி, பிரான்சு, பெரு ஆகிய மூன்று நாடுகள். முதல் ஆட்டத்தில் ஹங்கேரி 2-1 என வென்றது. அதில் நமக்குரிய கோலை பலராமன் 79ஆம் நிமிடத்தில் அடித்தார். அப்பந்தயங்களில் வெண்கலம் பெற்ற ஹங்கேரியை முடிவுவரை விரட்டிய ஆட்டம் அது. அடுத்த ஆட்டம் கிரோசெத்தோ என்னும் இத்தாலிய ஊரில், ஆகஸ்டு 29ஆம் நாள், பிரான்சுக்கு எதிராக நடந்தது. பன்னிரண்டு ஆண்டு முன் 89ஆம் நிமிடத்தில் கையிலிருந்ததைப் பறித்துச் சென்ற அதே நாடு. தலைவர் பி. கே. பானர்ஜி 71ஆம் நிமிடத்தில் கோல் அடித்தார்.

அந்த எண்ணைச் சற்றே கவனியுங்கள். 71. நம் ஊர்க் கடிகாரம் நின்றுபோன மறு நிமிடம். இந்தியா முன்னிலையில் இருக்கிறது, எதிரே பிரான்சு, மிச்சம் பத்தொன்பது நிமிடம். பதினொரு நிமிடம் காத்தார்கள். 82ஆம் நிமிடத்தில் பிரான்சு சமன் செய்தது. 1-1. ‘கோட்டை விட்டுவிட்டார்கள்’ என்று தமிழில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கோட்டையை விட்டவன் அதைக் காத்து நின்ற நேரத்தை அந்தச் சொல் கணக்கில் எடுப்பதில்லை. ஐரோப்பாவில் தொழில்முறையாகக் கால்பந்து வளர்ந்த ஒரு நாட்டின் அணியைத் தோல்வியின் விளிம்பில் நிறுத்தி வைத்தவர்கள், ரயில்வேயிலும் ராணுவத்திலும் பிற அலுவலகங்களிலும் வேலை பார்த்துக்கொண்டு பந்து ஆடியவர்கள்.

மூன்றாம் ஆட்டத்தில் பெரு 3-1 என வென்றது. அதில் இந்தியாவின் கோலை, ஆட்டம் முடியும் தறுவாயில் அடித்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜ். அதன்பின் இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவே இல்லை. ஆகவே சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோல் ராமனுடையது; இதுவரை கடைசிக் கோல் சுந்தரராஜுடையது. இந்தச் செய்தியை நம் பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளியிலும் யாரும் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை. சுந்தரராஜ் பின்னர் கேரளத்துக்குப் பயிற்சியாளராகச் சென்றார்; 1973இல் கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அந்த அணியைப் பயிற்றுவித்தவர் அவரே. வெளிமாநிலத்தில் ஒரு தமிழர் செய்த பணி என்பதால் அதையும் இங்கே குறித்துவைக்கிறேன்.

பலராமனும் சுந்தரராஜும் எழுபது நிமிடத்துக்குப் பின் கோல் அடித்தார்களே, அப்படியானால் கடிகாரக் கணக்கு என்னாயிற்று என்று நேயர் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. துரத்துவதற்கு வேண்டிய மூச்சு வேறு, காப்பதற்கு வேண்டிய மூச்சு வேறு. பின்தங்கியவன் இழப்பதற்கு ஒன்றுமில்லாமல் ஓடுகிறான். எதிரியும் வெற்றி உறுதி என்ற நினைப்பில் சற்றே தளர்ந்திருப்பான். முன்னிலையில் இருப்பவனோ ஒவ்வொரு கணமும் பந்து எங்கே, பக்கத்தில் நிற்பவன் எங்கே என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அயர்ந்த உடல் முதலில் இழப்பது அந்தக் கவனத்தை.

ரஹீம் இதை நன்கு அறிந்திருக்க வேண்டும். 1962ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் ஜகார்த்தாவில் நடந்த ஆசியப் போட்டி இறுதியாட்டம் அதற்குச் சான்று. இஸ்ரேலையும் தைவானையும் விலக்கியதை இந்தியப் பிரதிநிதி சோந்தி கண்டித்துப் பேசியதால் அந்நகர மக்கள் இந்தியர்மேல் கடுஞ்சினம் கொண்டிருந்தனர். அரங்கம் முழுவதும் எதிர்ப்புக் குரல். பாகிஸ்தான் ஹாக்கி அணியினர் மட்டும் நம் பக்கம் நின்று உற்சாகமூட்டினர் என்று ஆட்டக்காரர்கள் பிற்காலத்தில் நன்றியுடன் சொல்லியிருக்கிறார்கள். பானர்ஜியும் ஜர்னயில் சிங்கும் முதல் இருபது நிமிடத்துக்குள் இரண்டு கோல் அடித்தனர். 85ஆம் நிமிடத்தில் தென் கொரியா ஒன்றைத் திருப்பியது. பழைய கதை மீண்டும் தொடங்குகிறதோ என்று நடுங்கிய ஐந்து நிமிடம். கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ்; அணி ஆட்டம் காணவில்லை. 2-1, தங்கப் பதக்கம். மறு ஆண்டு ஜூன் மாதம் ரஹீம் புற்றுநோயால் மறைந்தார். அதன்பின் இந்தியக் கால்பந்து உலக அரங்கிலிருந்து படிப்படியாக விலகியது. அந்த நீண்ட கதையை இங்கே விரிக்க நேரமில்லை.

அந்த ஆண்டுகளில் ரசிகரின் உணர்ச்சியெல்லாம் உள்ளூர்ச் சங்கங்களின் பக்கம் திரும்பிற்று. கல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் வென்றால் இல்சா மீனுக்கும், மோகன் பகான் வென்றால் இறாலுக்கும் விலையேறும் என்பதை அங்கு வாழும் தமிழ் இல்லத்தரசிகளும் அறிவர், தாம் மரக்கறி உண்பவராயினும்! ஆனால் அண்டை வீட்டாரிடம் தோற்பது வேறு வகைத் துன்பம். 1980ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் ஈடன் தோட்ட அரங்கில் இவ்விரு சங்கங்களின் ஆட்டத்தின்போது மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் உயிரிழந்தனர். வலிமை மிக்க அயல்நாட்டாரிடம் தோற்றபோது கதை சொல்லித் தேற்றிக்கொண்ட மக்கள், சமமானவரிடம் தோற்க நேர்ந்தபோது கல்லை எடுத்தனர். எதிரி பெரியவன் என்ற ஒப்புதல் கோபத்தை எவ்வளவு தணிக்கிறது என்பதை இதனால் உணரலாம்.

கோபத்தினும் கொடியது ஒன்று உண்டு. 2018ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் மும்பையில் இந்தியா சீனத் தைபே அணியை 5-0 என வென்றது. தலைவர் சுனில் சேத்ரி மூன்று கோல் அடித்தார். பார்க்க வந்தவர் 2,569 பேர். மறுநாள் சேத்ரி மக்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். எங்களைத் திட்டுங்கள், குறை கூறுங்கள், ஆனால் அரங்குக்கு வந்து செய்யுங்கள் என்பது அதன் சாரம். அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டுகள் அனைத்தும் விற்றுத் தீர்ந்தன. தன்னைத் திட்டுவதற்காகவேனும் வாருங்கள் என்று ஒரு தேசிய அணியின் தலைவர் கெஞ்சியதை நான் வேறெங்கும் கேட்டதில்லை. அதற்கு முந்திய ஆண்டில்தான் ‘புளூ பில்கிரிம்ஸ்’ என்ற ரசிகர் அமைப்பும் தோன்றியிருந்தது. நீலச் சட்டையணிந்து, முரசு கொட்டி, அணி செல்லும் ஊரெல்லாம் செல்லும் இளைஞர் கூட்டம் அது.

வந்தவர்களுக்குக் கிடைத்தது என்ன? 2019ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் ஷார்ஜாவில் ஆசியக் கோப்பை ஆட்டம். பஹ்ரைனுடன் சமன் செய்தால் போதும், இந்தியா அடுத்த சுற்றுக்குச் சென்றுவிடும். வளைகுடா நாட்டில் உழைக்கும் இந்தியர்கள் திரளாக வந்து அமர்ந்திருந்தனர். நம்மைப் போலவே ஊர்விட்டு ஊர் சென்றவர்கள், அதினும் கடல் கடந்தவர்கள். 90 நிமிடம் கோல் இல்லை. கூட்டிய நேரத்தின் முதல் நிமிடத்தில் பெனால்டி, பஹ்ரைன் கோல், 1-0. ஆட்டம் முடிந்த சற்று நேரத்தில் பயிற்சியாளர் கான்ஸ்டன்டைன் பதவி விலகினார்.

அவ்வாண்டு செப்டம்பர் 5ஆம் நாள் குவாஹாட்டியில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று; எதிரி ஓமன். புதிய பயிற்சியாளர் ஸ்டிமாச்சின் கீழ் நடந்த முதல் தகுதிப் பந்தயம். 24ஆம் நிமிடத்தில் சேத்ரி கோல் அடித்தார். அரங்கம் அதிர்ந்தது. பிற்பாதியில் நம்மவர் மெல்ல மெல்லப் பின்வாங்கித் தம் கோலருகே குவிந்தனர். பந்தை வெளியே தள்ளினால் அது உடனே திரும்பி வந்தது. 82ஆம் நிமிடத்தில் ஒன்று, 90ஆம் நிமிடத்தில் ஒன்று. இரண்டும் ஒரே ஓமானியர் அடித்தவை. 2-1. எழுபது நிமிடப் பந்தயம் ஒழிந்து நெடுங்காலமாகிவிட்டது; மாற்று ஆட்டக்காரரை இறக்கும் விதியும் வந்துவிட்டது. ஆனால் அவ்விதி வலியவனுக்கே அதிகம் உதவுகிறது. அவன் இறக்குபவன் வெளியேறியவனுக்கு நிகராக இருப்பான். நமக்கு அந்த வசதி குறைவு. கடிகாரத்தின் குறை போய், கூடாரத்தின் குறை வந்தது.

அதற்கு ஐந்து நாள் கழித்து தோஹாவில் ஆசியச் சாம்பியனான கத்தாரை இந்தியா எதிர்கொண்டது. சேத்ரி உடல்நலமின்றி ஆடவில்லை. கத்தார் இடைவிடாது தாக்கியது; குர்பிரீத் சிங் சந்து கோலைக் காத்தார். 0-0. குவாஹாட்டியில் தலையில் கைவைத்து அமர்ந்தவர்கள், கோல் ஒன்றும் விழாத ஆட்டத்தை வெற்றிவிழாவாகக் கொண்டாடினர். காரணம் அந்தக் கடைசி இருபது நிமிடம் நின்றதுதான்.

2024ஆம் ஆண்டு மார்ச்சு 26ஆம் நாள் அதே குவாஹாட்டி. இம்முறை எதிரி ஆப்கானிஸ்தான். மீண்டும் சேத்ரியின் கோல், மீண்டும் முன்னிலை. 70இலும் 88இலும் இரண்டு கோல் வாங்கித் தோல்வி. தரவரிசையில் நம்மிலும் தாழ்ந்த அணியாதலால், அன்று ரசிகர்கள் எந்தக் கதையையும் தேடவில்லை. பயிற்சியாளரை மாற்றுக என்ற குரல் நாடெங்கும் எழுந்தது.

ஜூன் 11ஆம் நாள் தோஹாவில் கத்தாருடன் ஆட்டம். வென்றால் அடுத்த சுற்றுக்குச் செல்லும் வாய்ப்பு. 37ஆம் நிமிடத்தில் சாங்தே கோல் அடித்தார். 73ஆம் நிமிடத்தில் பந்து கோல் எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே போன பின்னர், ஒரு கத்தார் ஆட்டக்காரர் அதை உள்ளே இழுத்தார். மற்றொருவர் கோலுக்குள் தள்ளினார். நடுவர் கோல் என்று அறிவித்தார். படப்பதிவைப் பார்த்துத் தீர்ப்பைத் திருத்தும் முறை அந்த ஆட்டத்தில் இல்லை. அநீதி என்று நாடே கொதித்தது. கொதித்ததில் நியாயம் உண்டு. சம்மேளனம் முறையீடு செய்தது. ஒரு வாரத்துக்குள் ஸ்டிமாச் நீக்கப்பட்டார். அந்த ஒரு கோலின் படத்தை, பந்துக்கும் கோட்டுக்கும் இடையே தெரியும் பச்சைப் புல்லுடன், அன்றிரவு பார்க்காத ரசிகர் இலர்.

அன்று கத்தார் இறக்கியது பெரும்பாலும் இளைஞர்களைக் கொண்ட அணி. அவர்கள் ஏற்கெனவே தகுதி பெற்றுவிட்டவர்கள். முதற் கோலுக்குப் பின் சமன் செய்த நிலையில் இன்னும் பதினேழு நிமிடமும் கூட்டிய நேரமும் மிச்சம் இருந்தன. 85ஆம் நிமிடத்தில் அல் ராவி அடித்த இரண்டாம் கோலால்தான் ஆட்டம் 2-1 என முடிந்தது. அந்தக் கோலில் எவ்வித ஐயமும் இல்லை. அதன் படத்தை எனக்கு யாரும் அனுப்பவில்லை.